கிளினிக்கில் பூனையைப் பிடிப்பது: பிடரியா, துண்டா?

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு கால்நடை கிளினிக்கில் தம்பி ஒருவர் உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். நாய் என்றால் சமாளித்துவிடுகிறார், பூனை மேசைக்கு வந்தாலே கை உதறுகிறதாம். "பிடரியைக் கெட்டியாகப் பிடித்து மேசையோடு அமுக்கு, அசையாது" என்கிறார் அங்கே இருக்கும் மூத்த ஊழியர். "பிடரியில் கை வைக்காதே" என்கிறார் மருத்துவர். யார் பேச்சைக் கேட்பது, நம் கையும் கடிபடாமல் பூனைக்கும் துன்பமில்லாமல் எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறார்.

மருத்துவர் பேச்சைக் கேளுங்கள், தம்பி. நான் பல வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். நான் சேர்ந்த காலத்தில் எல்லாருமே பிடரியைத்தான் பிடித்தோம், அப்படித்தான் சொல்லியும் கொடுத்தார்கள். உங்கள் மூத்தவர் சொல்வதும் அந்தப் பழக்கத்தில் வந்ததுதான், அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் 2022இல் அமெரிக்காவின் பூனை மருத்துவர் சங்கமும் பன்னாட்டுப் பூனை மருத்துவச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, பிடரியைப் பிடிப்பதைப் பரிந்துரைக்கவில்லை. காரணமும் தெளிவானது. தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்குவது பிறந்த முதல் சில வாரங்கள் மட்டும்தான். வளர்ந்த பூனையின் பிடரியை இன்னொரு உயிர் பிடிக்கிறது என்றால், ஒன்று அது இனச்சேர்க்கையாக இருக்கும், இல்லாவிட்டால் சண்டையாகவோ வேட்டையாகவோ இருக்கும். பிடரியைப் பிடித்ததும் பூனை அசையாமல் கிடக்கிறதே, அது அமைதி இல்லை. தப்பிக்க வழியில்லை என்று உறைந்து போயிருக்கிறது. உறைந்த பூனை எந்த நொடியிலும் வெடிக்கும். அப்போது உங்கள் முன்னங்கை அதன் பின்னங்கால்களுக்கு நேராக இருக்கும்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஊசி போடவோ மைக்ரோசிப் வைக்கவோ தோள்களுக்கு நடுவே தோலை லேசாகக் கூடாரம்போல் தூக்குவதில் தவறில்லை. உடம்பைக் கட்டுப்படுத்துவதற்காகப் பிடரியை இறுக்குவதும், அதில் தொங்கவிட்டுத் தூக்குவதும்தான் கூடாது.

இது இரக்கத்துக்காக மட்டும் சொல்வதில்லை, மருத்துவமே கெட்டுப்போகிறது. பயந்த பூனையின் ரத்தச் சர்க்கரை, நீரிழிவு இருக்கிறதோ என்று சந்தேகப்பட வைக்கும் அளவுக்கு ஏறும். ரத்த அழுத்தம் ஏறும். உடல் வெப்பம் 38.1இலிருந்து 39.2 டிகிரி செல்சியஸ்வரை இருக்க வேண்டியது, அதைத் தாண்டிப் போகும். இதயத்துடிப்பு எகிறுவதால் மருத்துவர் இதயத்தின் முணுமுணுப்பு ஓசையைக் கேட்டுக் கணிப்பதும் சிரமம். நாம் அமுக்கிப் பிடித்து எடுத்த எண்களை வைத்து ஒரு பூனைக்குத் தேவையில்லாத பரிசோதனைகள் நடக்கலாம், உரிமையாளர் அதற்கெல்லாம் பணம் கட்டுவார். எனவே நன்றாகப் பிடிப்பது என்றால் குறைவாகப் பிடிப்பது. நீங்கள் பிடியைக் கூட்டக் கூட்ட அதுவும் எதிர்ப்பைக் கூட்டும். அந்த இழுபறியில் கடைசியில் கடி வாங்குவது நாம்தான்.

பாதி வேலை பூனை கிளினிக்குக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும், அது தொலைபேசியில் நடப்பது. நம் ஊரில் 2024 செப்டம்பர் 1 முதல்தான் வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்தது, வீட்டுக்கு இரண்டு வரை. உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், 2026 ஆகஸ்ட் 31 வரை மாறுகாலம் என்று அறிவித்தார்கள். அதனால் ஏழெட்டு வயது வரை வீட்டு வாசலைத் தாண்டாத பூனைகள்கூட முதல்முறையாகச் சிப் போட வருகின்றன. மின்தூக்கிச் சத்தம், வாகன நிறுத்துமிடம், டாக்சி, அப்புறம் நம் கிளினிக்கின் மருந்து வாடை, எல்லாமே அதற்கு ஒரே நாளில் புதுசு. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் செல்லப்பிராணிகளை ஏற்றமாட்டார்கள் என்பதால் பெரும்பாலும் டாக்சியோ செல்லப்பிராணிகளுக்கான வாடகைக் காரோதான். முன்பதிவுக்கு யாராவது அழைத்தால் இவற்றைச் சொல்லுங்கள்: பூனையைக் கொண்டுவரும் பெட்டியான கேரியரை ஒரு வாரம் முன்பே வீட்டுக் கூடத்தில் திறந்து வைத்து, உள்ளே அதன் வாடை படிந்த துணி ஒன்றைப் போட்டு, தீனியும் வைக்கட்டும். கிளம்பும்போது கேரியரை ஒரு துண்டால் மூடட்டும். பூனையை அமைதிப்படுத்தும் ஃபெலிவே தெளிப்பான் இருந்தால் பூனையை உள்ளே விடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே துணியில் அடிக்கட்டும். தெளித்த உடனே விட்டால் அதிலுள்ள ஆல்கஹால் வாடை பூனையை விரட்டும்.

போன தடவை சண்டை போட்ட பூனை என்று கோப்பில் இருந்தால், மருத்துவரிடம் பதற்றத்தைக் குறைக்கும் காபாபென்டின் மருந்து பற்றிக் கேளுங்கள். பல மருத்துவர்கள் இதை வருகைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வீட்டிலேயே கொடுக்கச் சொல்கிறார்கள். ரொம்பப் பயப்படும் பூனைக்கு முந்தின இரவும் ஒரு வேளை உண்டு. கொஞ்சம் தள்ளாடும், தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பதறிப்போய் அழைப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு அளவு குறையும். எனவே அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது மிச்சமிருந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு வரும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் கிளினிக்குகளில் பெரும்பாலானவை புளோக்குக்குக் கீழே இருக்கும் கடைவீடுகள். இடம் சின்னது, பூனைக்கென்று தனிக் காத்திருப்பு அறை பல இடங்களில் இருக்காது. அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. கேரியரைத் தரையில் வைக்கவே கூடாது, நாய் வந்து மூக்கை நீட்டும். நாற்காலியிலோ முகப்பு மேசையிலோ உயரமாக வையுங்கள், வாய் சுவரைப் பார்த்தபடி, மேலே துண்டு. அறை காலியாக இருந்தால் நேராக உள்ளே அனுப்பிவிடுங்கள், பெயர் பதிவையெல்லாம் அப்புறம் செய்துகொள்ளலாம். கேரியரைக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு போகாமல், அடியில் ஒரு கை கொடுத்து மார்போடு அணைத்துத் தூக்குங்கள்.

அறையில் கேரியரைத் திறப்பதற்கு முன் கதவு, ஜன்னல் சாத்தியாகிவிட்டதா, மின்விசிறி நின்றதா, அலமாரிக்குப் பின்னால் சந்து இருக்கிறதா என்று பாருங்கள். சந்துக்குள் போன பூனையை வெளியே எடுப்பதுதான் இந்தத் தொழிலில் மோசமான கடிகள் விழும் நேரம். ஊசி, குழாய், பஞ்சு, சிப் ரீடர், துண்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பூனை மேசையில் இருக்கும்போது ஒருவர் இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தால் அதன் பொறுமை அதிலேயே தீர்ந்துவிடும். எஃகு மேசை வழுக்கும், சில்லென்றும் இருக்கும். ரப்பர் விரிப்போ துண்டோ போடுங்கள். முந்தின நாயின் வாடை கையில் இருக்கும், கழுவிவிட்டு வாருங்கள். இன்னொன்று, நம்மவர்கள் எல்லாரும் செய்வது: பூனை பதறினால் "உஷ், உஷ்" என்று சமாதானப்படுத்துவோம். பூனையின் காதுக்கு அது இன்னொரு பூனை சீறுவதாகத்தான் கேட்கும். மெதுவாக, தாழ்ந்த குரலில் பேசுங்கள், எந்த மொழியானாலும் சரி.

இனி கேரியரிலிருந்து வெளியே எடுப்பது. இங்கேதான் எல்லாம் கெடுகிறது. கதவைத் திறந்து கையை விட்டு இழுப்பார்கள், வராவிட்டால் கேரியரைச் செங்குத்தாகக் கவிழ்த்து உதறுவார்கள். இரண்டும் வேண்டாம். நான் செய்வதைச் சொல்கிறேன். ஆறு கிலோ எடையுள்ள ஆரஞ்சு நிற ஆண் பூனை ஒன்று எங்களிடம் வரும். கதவைத் திறந்தால் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, காது இரண்டும் பக்கவாட்டில் படிந்து, கண்மணி முழுக்கக் கறுப்பாக விரிந்து, அடித்தொண்டையில் உறுமும். கதவைத் திறந்து வைத்துவிட்டு நான் உரிமையாளரிடம் பேசப் போய்விடுவேன், அது தானாக வரட்டும் என்று. இரண்டு மூன்று நிமிஷத்தில் வராவிட்டால், கேரியரின் பக்கக் கொக்கிகளை ஒவ்வொன்றாக, டக்கென்று சத்தம் வராமல் விரலால் அழுத்திக் கழற்றுவேன். மேல்மூடியைத் தூக்கும்போதே ஒருவர் மூடிக்கும் பூனைக்கும் நடுவில் துண்டைச் செருகிக்கொண்டே வருவார். மூடி முழுக்க நீங்கும்போது பூனை துண்டுக்கு அடியில், தன் சொந்தத் துணிமேல், கேரியரின் கீழ்ப்பாதியில் உட்கார்ந்திருக்கும். மருத்துவர் துண்டின் ஓரத்தை மட்டும் விலக்கி ஸ்டெதாஸ்கோப்பை வைப்பார், பின்பக்கம் விலக்கி வயிற்றைத் தடவிப் பார்ப்பார், தொடைப் பக்கம் தடுப்பூசி போடுவார். அந்தப் பூனையை நாங்கள் மேசைக்கு எடுப்பதே இல்லை. எடைகூட, கேரியரோடு நிறுத்துவிட்டுக் காலிக் கேரியரின் எடையைக் கழித்துக்கொள்வோம்.

மேல்மூடி கழற்ற முடியாத கேரியர்கள் உண்டு, இப்போது பலரும் வாங்கும் முதுகுப்பை மாதிரியானவை. அதில் ஜிப்பை முழுக்கத் திறந்து துண்டைப் போர்த்தி, துண்டோடு சேர்த்துப் பூனையை எடுக்க வேண்டும். அடுத்த தடவைக்கு மேலே திறக்கும் பெட்டி வாங்கச் சொல்லி உரிமையாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

சாதாரணமாக ஒத்துழைக்கும் பூனைக்குக் கை எங்கே இருக்க வேண்டும்? அதன் பின்புறம் உங்கள் வயிற்றை ஒட்டி இருக்கட்டும், முகம் உங்களுக்கு எதிர்ப்பக்கம். ஒரு கை மார்புக்கு முன்னால், வெறுமனே தடுப்பாக. இன்னொரு கை இடுப்பின் பக்கத்தில். முழங்கைகள் இரண்டும் உடம்பின் இரு பக்கமும் வேலிபோல. அது உட்கார விரும்பினால் உட்காரட்டும், படுக்க விரும்பினால் படுக்கட்டும், பரிசோதனையை நாம் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். தலையை நிறுத்த வேண்டுமென்றால் பின்னாலிருந்து கட்டைவிரலும் நடுவிரலும் கன்ன எலும்புகளில், ஆள்காட்டி விரல் உச்சந்தலையில். விரல் ஒருபோதும் வாய்க்கு முன்னால் போகக் கூடாது. கன்னத்தையும் காதடியையும் தடவிக்கொடுத்தால் நிறையப் பூனைகள் ஊசியைக் கவனிப்பதே இல்லை. குழைவான தீனியைத் தட்டில் வைத்து நக்கவிடுவதும் அப்படித்தான், ஆனால் வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய பூனையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தம் எடுப்பதற்கு மேசை விளிம்பில் முன்னங்கால்களைக் கீழே இழுத்து, தாடையை அண்ணாந்து பிடித்துக் கழுத்து ரத்தக் குழாயில் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலையைப் பல பூனைகள் தாங்குவதில்லை. பின்னங்காலின் உள்பக்கம் ஓடும் குழாயில் எடுக்க முடியுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். பூனை பக்கவாட்டில் படுத்திருக்கும், முன்பாதி துண்டுக்குள், மேல்பக்கத்துப் பின்னங்காலை மெதுவாக மடக்கி ஒதுக்கிவிட்டு, கீழ்ப்பக்கத்துக் காலின் தொடை இடுக்கில் உங்கள் கைவிளிம்பால் அழுத்தினால் குழாய் எழும்பும். ஊசி மருத்துவர் கையில் முகத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது, பூனை அதைப் பார்ப்பதுமில்லை. எடுத்து முடித்ததும் அந்த இடத்தை ஒரு நிமிஷமாவது அழுத்திப் பிடியுங்கள், அங்கே சீக்கிரம் ரத்தம் கட்டும்.

துண்டு சுற்றுவதைப் பொம்மையிலோ தலையணையிலோ பழகிவிட்டுத்தான் பூனைக்கு வர வேண்டும். தடிமனான குளியல் துண்டு, பூனையின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். துண்டின் ஒரு ஓரத்தைக் கழுத்தின் முன்பக்கத்திலிருந்து மப்ளர்போல் கொண்டுவந்து பிடரியில் சேர்த்துவிட்டு, பக்கங்களை ஒவ்வொன்றாக உடம்பின் மேல் மடித்து அடியில் செருகுங்கள். முன்னங்கால் இரண்டும் உள்ளே, உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். கழுத்தருகே தளர்ந்தால் முதலில் அங்கிருந்துதான் கால் வெளியே வரும். அதே சமயம் உங்கள் விரல் ஒன்று நுழையும் இடைவெளி இருக்கணும். மார்புக்கூட்டை அமுக்கவே கூடாது, பூனை மூச்சுவிட அது விரிய வேண்டும். நம் வெயிலில் துண்டுக்குள் சீக்கிரம் சூடேறும், எனவே குளிரூட்டி ஓடட்டும், வேலை முடிந்ததும் பிரித்துவிடுங்கள்.

பூனை வாயைத் திறந்து இளைத்தாலோ, நாக்கும் ஈறும் நீலம் பாய்ந்தாலோ, எந்த வேலையானாலும் அந்த நொடியில் கையை எடுங்கள். ஆக்சிஜன் கொண்டுவாருங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெளியே எதுவும் தெரியாமல் இதயத் தசை தடித்த நோயோடு இருக்கும் பூனைகள் உண்டு. பிடித்து அமுக்கும் பயமே அவற்றின் உயிரைப் பறிக்கலாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். வால் நுனி படபடவென்று அடிப்பது, முதுகுத் தோல் சிலிர்த்து ஓடுவது, மீசை முன்னே விறைப்பது, காது திரும்புவது எல்லாம் முன்னறிவிப்பு. சீறுவதும் முன்னறிவிப்புதான், சீறும் பூனையைத் திட்டாதீர்கள். நேராகக் கடிக்காமல் சொல்லிவிட்டுக் கடிக்கிறது. இரண்டு மூன்று விநாடிக்கு மேல் திமிறினால் விடுங்கள், நிலையை மாற்றிப் பாருங்கள். மறுபடியும் அப்படியே என்றால் "டாக்டர், இன்றைக்கு இதற்குமேல் வேண்டாம், மருந்து கொடுத்துச் செய்யலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவசரமில்லாத நகவெட்டையும் தடுப்பூசியையும் இன்னொரு நாள் காபாபென்டினோடு வைத்துக்கொள்ளலாம். இன்றே பார்த்தாக வேண்டும் என்றால் டெக்ஸ்மெடிடோமிடின், பியூட்டர்ஃபனால் மாதிரியான மயக்க ஊசி இருக்கிறது. இதயத்தையும் வயதையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மூன்று பேர் சேர்ந்து பத்து நிமிஷம் மல்லுக்கட்டுவதைவிட ஒரு ஊசி பூனைக்கு எவ்வளவோ மேல். உரிமையாளருக்குச் செலவு கூடும்தான். ஏன் என்று விளக்கினால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

உரிமையாளர் பக்கத்தில் நின்று பேசட்டும், பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். ஆனால் அவரைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். "என்னை ஒன்றும் செய்யாது" என்று சொல்லும் ஆன்ட்டியைத்தான் பயந்த பூனை முதலில் கடிக்கும்.

தடிமனான தோல் கையுறை பற்றி என் கருத்து: கூண்டில் கிடக்கும் பூனையை வேறு வழியில்லாமல் எடுக்கும்போது மட்டும். அதைப் போட்டுக்கொண்டால் விரலுக்கு உணர்வு போய்விடும், எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. முந்தைய பூனைகளின் பய வாடையும் அதில் ஊறியிருக்கும். வாய்மூடியையும் நான் விரும்புவதில்லை, மூக்கடைப்புள்ள பூனைக்கு அது ஆபத்து.

சமூகப் பூனைகள், அதாவது வெளியே திரியும் பூனைகள், விஷயமே வேறு. கருத்தடைக்காகப் பிடித்துவரும் பூனை பொறிக்கூண்டில் வரும், மனிதர் கையே படாமல் வளர்ந்ததாகக்கூட இருக்கலாம். அதை நட்பாக்கப் பார்க்காதீர்கள், கூண்டைத் திறக்கவும் திறக்காதீர்கள். மூடிய துணியை எடுக்காமல், பக்கத்தகடு நகரும் நெருக்குக் கூண்டுக்கு மாற்றி, கம்பி வழியாக மருத்துவர் மயக்க ஊசி போடுவார். தூங்கிய பிறகுதான் கை. காது நுனி வெட்டியிருந்தால் ஏற்கெனவே கருத்தடை ஆனது, மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மூக்கிலோ காலிலோ ஆறாத புண், கட்டி இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று மலேசியாவிலும் இங்கேயும் பூனைகளிடம் இருக்கிறது, கீறல் வழியாக மனிதருக்கும் வரும்.

கடிபட்டுவிட்டால் என்ன செய்வது? சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை, எனவே இங்கே அந்தப் பயம் வேண்டாம். ஆனால் பூனைக்கடியைச் சின்னதாக எண்ணவும் வேண்டாம். பல் ஊசிபோல் மெல்லியது, ஆழமாக இறங்கும், மேலே தோல் மூடிக்கொள்ளும், பாஸ்டுரெல்லா கிருமி உள்ளே தங்கிவிடும். காலையில் ஒரு சிவப்புப் புள்ளி, இரவுக்குள் விரல் மடக்க முடியாமல் வீங்கிவிடும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பல நிமிஷம் கழுவுங்கள், அன்றைக்கே பலதுறை மருந்தகத்துக்கோ தனியார் மருத்துவரிடமோ போங்கள். கையில், மூட்டருகில் என்றால் ஆன்டிபயாடிக் தேவைப்படும், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்றும் கேட்பார்கள். வேலையில் பட்ட காயம் என்று கிளினிக்கில் எழுத்தில் பதிவு செய்யுங்கள். "இதெல்லாம் சகஜம், பிளாஸ்டர் போட்டுக்கோ" என்று யார் சொன்னாலும் சரி, வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் உங்களையும் சேர்த்துத்தான்.

கடைசியாக அந்த மூத்தவர். அவரோடு வாக்குவாதம் வேண்டாம், எல்லார் முன்னாலும் வழிகாட்டியை நீட்டவும் வேண்டாம். அடுத்த பூனை வருவதற்கு முன் துண்டை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, "அண்ணே, இதை முதலில் துண்டில் பார்க்கலாமா, முடியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மருத்துவரிடம், ஊழியர் எல்லாரையும் வைத்து ஒரு மதியம் துண்டுச் சுற்றலைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். தொழிலை முறையாகப் படிக்க விருப்பம் இருந்தால் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கால்நடைத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு பூனையின் கோப்பிலும் எது உதவியது என்று ஒரு வரி எழுதுங்கள்: மேல்மூடி கழற்றினால் போதும், வலப் பின்னங்காலில் ரத்தம் வரும், கிளிப்பர் சத்தம் ஆகாது, காபாபென்டின் இல்லாமல் வரச் சொல்லாதே. அடுத்த தடவை அதைப் பிடிக்கப் போவது நீங்களாக இல்லாமல் அந்த மூத்தவராகவே இருந்தாலும், அவர் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கேரியரைத் திறப்பார்.